முப்பது மில்லிமீட்டர் உயர்ந்த ஹேண்டில்பாரோடு பாபநாசம் வரை

பதினோரு வருடமாக ஒரே பைக் ஓட்டுகிறேன். என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார் வேலைக்கு இந்த உயரம் ரொம்ப வசதி, கரும்பலகையின் மேல் மூலை வரை எழுதலாம். பைக்குக்குத்தான் ஒத்துவரவில்லை. குனிந்து குனிந்து ஓட்டியதில் இந்த வருடம் இடுப்பும் மணிக்கட்டும் சேர்ந்து மக்கர் பண்ண ஆரம்பித்தன. இருபது கிலோமீட்டர் தாண்டினால் விரல்கள் மரத்துப்போகும்.

என் மனைவி கோமதி பொறுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை அவள் தம்பி சங்கரனிடம் கொடுத்துவிடச் சொன்னாள். ஐந்தடி நான்கு அங்குல சங்கரனுக்கு அதன் மேல் வெகுநாளாக ஒரு கண். நான் ஒரே ஒரு வாய்ப்பு கேட்டேன். ஹேண்டில்பாரை உயர்த்திக்கொண்டு பாபநாசம் வரை போய் வருகிறேன், வலித்தால் சாவி சங்கரனுக்கு. சம்மதித்தாள். ஐப்பசி கடைசியில், பள்ளி விடுமுறையான ஒரு சனிக்கிழமை நடந்தது இந்தப் பயணம். என்னைப் போன்ற நெட்டையர்கள் யாராவது இதே யோசனையில் இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

ரைசர் என்பது பெரிய சமாசாரம் இல்லை. ஹேண்டில்பாரைத் தாங்கும் பிடிகளுக்கு அடியில் வைக்கும் இரண்டு அலுமினியக் கட்டைகள், கூடவே நீளமான போல்ட்டுகள். ஜோடி 1,650 ரூபாய்க்கு வரவழைத்தேன். மாட்டியது வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் சுடலை அண்ணாச்சி, கூலி 400. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.

நான் இஞ்ச் டேப்போடு போயிருந்தேன். முழங்கைக் கோணம் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று தாளில் படம்கூடப் போட்டிருந்தேன். அண்ணாச்சி அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு டூல்ஸ் பெட்டி மேல் வைத்தார்.

“சார், வண்டியில உக்காருங்க. கண்ண மூடுங்க. கைய ரெண்டையும் சும்மா முன்னால நீட்டுங்க. எங்கன போயி நிக்குதோ அங்கன கம்பி வரணும்.”

கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். திறந்து பார்த்தால் என் கைகள் ஹேண்டில்பாருக்கு நாலு விரற்கடை மேலே, அந்தரத்தில் நின்றன.

“இத்தன நாளா கம்பியில தொங்கிக்கிட்டுல்லா ஓட்டியிருக்கிய!” என்றார்.

அப்படியானால் ஐம்பது மில்லிமீட்டர் உயர்த்தினால் என்ன என்று கேட்டேன். முப்பது போதும், அதற்கு மேல் போனால் பிரேக் ஹோஸும் கேபிள்களும் எட்டாது, எல்லாவற்றையும் நீளமாக மாற்ற வேண்டிவரும் என்றார். மீதியை ஹேண்டில்பாரைச் சற்று நம் பக்கம் சாய்த்துச் சரிசெய்தார். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடது கோடி வரைக்கும் வலது கோடி வரைக்கும் ஒடித்துத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சத்தம் ஏறவில்லை. ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தமாம்.

சனிக்கிழமை காலை 6.05க்குக் கிளம்பினேன். புதிதாக எதை மாட்டினாலும் கண் படும் என்று எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கோமதி கறுப்புக் கயிறு ஒன்றைக் கொடுத்தாள். காற்றில் படபடக்கக் கூடாதே என்று ரைசரைச் சுற்றி ஏழு சுற்றுச் சுற்றி நன்றாக இறுக்கிக் கட்டினேன்.

மேலச்செவல் பக்கம் வயலெல்லாம் தண்ணீர் நின்றது, நடவு நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாவது கிலோமீட்டரில் பத்தமடை. விரல் மரக்கவில்லை! எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஓட்டும்போதே விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் டீ குடிக்க இடது பக்கச் சந்துக்குள் திருப்பினேன்.

ஹேண்டில்பாரை முழுதாக ஒடித்ததும் எஞ்சின் உறுமியது. நான் ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை. கிளட்சைப் பிடிப்பதற்குள் வண்டி இரண்டடி பாய்ந்து, ஒரு கடை வாசலில் சுருட்டிச் சாத்தியிருந்த கோரைப்பாய்களில் முட்டி நின்றது. பாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துவிட்டார்.

“ஏய்யா, பைய வரக்கூடாதா? எம்மேலயே ஏத்தப் பாத்தியளே!”

பாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மன்னிப்புக் கேட்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். அரை அடி தள்ளிப் போயிருந்தால் அந்த அம்மாவின் முழங்கால். வலி இல்லாமல் ஓட்ட வழி கிடைத்த அன்றே வண்டி கையை விட்டுப் போகிறது என்று நினைத்தபோது அழுகை முட்டியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சங்கரனை வரச்சொல்ல போனை எடுத்தேன். அதற்கு முன்னால் அண்ணாச்சியை நாலு வார்த்தை கேட்காமல் விடக்கூடாது என்று அவரைக் கூப்பிட்டேன். நாலு இல்லை, நாற்பது கேட்டேன். ஓர் உயிர் போயிருக்கும் என்றுகூடச் சொன்னேன்.

நான் கேட்டு முடித்ததும் அண்ணாச்சி சொன்னார்.

“எஞ்சின அணைச்சிருங்க சார். கம்பிய இடப்பக்கம் பைய ஒடிச்சு, ஆக்ஸிலேட்டர் கேபிள் மேலயே வெரல ஓட்டிக்கிட்டு வாங்க. எங்கன முறுக்கமா இருக்குன்னு சொல்லுங்க.”

விரலை ஓட்டினேன். வலது ரைசர் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றது. கறுப்புக் கயிறு. ஏழு சுற்றுக்குள் ரைசரோடு சேர்த்து கேபிளையும் நான் கட்டிவைத்திருந்தேன். நேராகப் போகும்வரை தொந்தரவு இல்லை, ஒடித்தால் கேபிளுக்கு அசைய இடமில்லை.

“வலது ரைசர்கிட்ட அண்ணாச்சி,” என்றதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“கயிறு கட்டினியளா?”

“ஆமா அண்ணாச்சி.”

“அவுத்து கண்ணாடிக் கம்பில கட்டுங்க. அங்கன கட்டினாலும் கண்ணு படாது,” என்றவர், “ஒடிச்சுப் பாத்துச் சத்தத்த சொல்லுங்க, அதுவர போன வைக்க மாட்டேன்,” என்றார்.

நகத்தால் முடிச்சை அவிழ்க்கப் பத்து நிமிடம் ஆனது, அவ்வளவு அக்கறையாகக் கட்டியிருக்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் ஒடித்தேன். சத்தம் ஏறவில்லை. பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “உயிர் பயத்துல பேசினது, விடுங்க சார்” என்று வைத்துவிட்டார்.

பாய்க்கடை அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “சாமி கயித்தயா அவுக்கிய?” என்று மட்டும் கேட்டார். இடம் மாற்றுகிறேன் என்றதும்தான் முகம் தெளிந்தது.

7.20க்கு மறுபடி கிளம்பினேன். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. இந்தச் சாலையில் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், மலை இவ்வளவு முன்னதாகவே தெரியும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் மீட்டரையும் முன்சக்கரத்தையும் பார்த்தே வந்திருக்கிறேன் போல. அம்பாசமுத்திரத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 65 ரூபாய். பாபநாசம் படித்துறைக்கு 9.10க்குச் சேர்ந்தேன். என் மீட்டரில் 51 கிலோமீட்டர். ஆற்றில் கழுத்தளவு உட்கார்ந்து தோளை உருட்டிப் பார்த்தேன். இடுப்பில் லேசான பிடிப்பு, அவ்வளவுதான். மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை.

ரைசர் மாட்ட நினைப்பவர்கள் முதலில் கண்ணை மூடிக் கையை நீட்டிப் பாருங்கள், அளவு அதிலேயே கிடைக்கும். முப்பது மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்பட்டால் ஹோஸ், கேபிள் செலவையும் சேர்த்து யோசியுங்கள். மாட்டிய மறுநாள் போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, மெக்கானிக் சோதித்த பிறகு கயிறு, போன் ஸ்டாண்டு, பை என்று நீங்களாக எதைக் கட்டினாலும், ஓட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒடித்துச் சத்தத்தைக் கேளுங்கள். எனக்கு முட்டியது பாய், எல்லோருக்கும் அப்படி அமையாது.

மதியம் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். பத்தமடையில் நடந்ததை ஒளிக்காமல் கோமதியிடம் சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். கண்ணாடிக் கம்பியில் இருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, காலைத் தொங்கவிட்டாள்.

“எனக்குக் கால் எங்கன நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. அண்ணாச்சிட்ட ஃபுட்ரெஸ்ட்டையும் அதுக்கேத்தாப்புல மாத்தச் சொல்லணும்,” என்றாள். “சங்கரன் வேற வண்டி பாத்துக்கிடட்டும்.”