அலை அவிழ்த்த கட்டு

சிறுசேரி தாண்டிக் கடலோரம் இருக்கிற குப்பத்தில் தாமோதரன் என்றால் ரெண்டு பேருக்குக்கூடத் தெரியாது. குப்பம்மா பேரன் என்றால் எல்லாருக்கும் தெரியும். குப்பம்மாவுக்கு அண்ணன் ஏகாம்பரம், தம்பி தணிகாசலம். அதனால் இவனுக்கு அந்த வீடும் சொந்தம், இந்த வீடும் சொந்தம். ஊரில் பாதிப் பேர் மாமன், மீதிப் பேர் மச்சான்.

இந்தச் சொந்தத்தை நம்பித்தான் அவன் வேலையை விட்டான். மாடம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு கம்பெனி வேன் ஓட்டியவன். ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குக் கடல் கதை சொல்லப் போவான். நாலு இடத்தில் கூப்பிட்டார்கள். இதையே பிழைப்பாக்கிக் கொள்ளலாம் என்று, பெண்டாட்டி சரோஜினியையும் தட்டுமுட்டுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கே வந்துவிட்டான்.

வந்த பிறகுதான் பேஜார். மாடம்பாக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். இங்கே வாயைத் திறந்தால், "அவரு பெரியப்பா இல்ல, சித்தப்பா" என்பார் ஒருத்தர். "எங்க அத்தைய இதுல இஸ்காத" என்பார் இன்னொருத்தர். ஒரு கதையைக் கரை சேர்க்க விட்டார்களா, இல்லை.

கடைசியில் ஆடி மாசம் கூழ் ஊற்றும் திருவிழாவில் ஒரு சாயங்காலம் மேடை கிடைத்தது. தெற்குக் குப்பத்துத் தலைவர் தயாளன் கேட்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் கரையோரத் திருவிழா அத்தனைக்கும் இவனைக் கூப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் மறுபடி வேன்தான் என்று சரோஜினி முன்னாடியே சொல்லிவிட்டாள்.

தாமோதரன் எடுத்தது ஏகாம்பரம், தணிகாசலம் அண்ணன் தம்பி கதை. வலையை எங்கே விடுவது என்று ரெண்டு பேருக்கும் நடுக்கடலில் சண்டை. சண்டை முற்றி, கட்டுமரத்தின் கயிறு அவிழ்ந்து, ஆளுக்கு ரெண்டு மரத்தின்மேல் உட்கார்ந்து தனித்தனியாகக் கரைக்கு வந்தார்கள். அன்றைக்குப் போன பேச்சு, ரெண்டு வீட்டுக்கும் இன்னும் திரும்பவில்லை. கயிற்றை அவிழ்த்தது யார்? அண்ணன் என்றால் அந்த வீடு சண்டைக்கு வரும், தம்பி என்றால் இந்த வீடு. மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்தவன், பழியைத் தூக்கி அலைமேல் போட்டான்.

"பெரிய அலை ஒண்ணு வந்துச்சு. கட்டு தானா அவுந்து போச்சு" என்றான் மைக்கில்.

ஏகாம்பரத்தின் பேரன் பரணி எழுந்தான்.

"இன்னா மச்சான் சொன்ன? எங்க தாத்தா கட்டுன கட்டு தானா அவுந்துச்சா?"

"அலை பெருசு, பரணி."

"அது இன்னா உன் வேன் மேல கட்டுன தார்ப்பாயா?"

கூட்டம் சிரித்தது. தணிகாசலத்தின் பேத்தி, மீன் விற்கிற சுப்புலட்சுமி, சிரிக்கவில்லை. நேரே மேடை ஏறி வந்தாள்.

"அன்னிக்குக் கட்டுனது எங்க தாத்தா. கோவம் வந்துச்சு, அவரே அவுத்தாரு. அவர் கட்டு அலைக்கெல்லாம் அவுறாது."

"உங்க தாத்தா அவுத்தாரா? எங்க தாத்தா கத்தியால அறுத்தாரு" என்றான் பரணி.

எந்தப் பழிக்குப் பயந்து இவன் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தானோ, அதற்கு ரெண்டு வீடும் போட்டி போட்டது. சுப்புலட்சுமி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

தயாளன் பைக்கை உதைப்பதைப் பார்த்துத் தாமோதரன் இறங்கி ஓடினான்.

"தலைவரே, கதை இன்னும் முடியல."

"நல்லாதான் கீது தாமோதரா. எங்க ஊர்ப் பங்காளிங்க இப்பத்தான் ஒருத்தனோட ஒருத்தன் பேசிகினு கீறானுங்க. நீ வேணாம்பா."

பைக் போய்விட்டது. மைக் செட் கலீல் பாய் வந்து, "அண்ணா, ஆஃப் பண்ணிடட்டா?" என்றார்.

"மைக்கு யார் கையில கீதோ அவங்களக் கேளு பாய்."

சரோஜினி போனை நீட்டினாள். "வேன் ஓனருக்கு நீ போன் பண்றியா, நான் பண்ணட்டா?"

"பண்றேன், இரு" என்றான் தாமோதரன், மேடையைப் பார்த்தபடியே. "யார்தான் அவுத்தாங்கன்னு ஒரு முடிவுக்கு வர்றாங்களா பாப்போம்."

வரவில்லை. அவன் நம்பரைப் போட்டான்.