சனிக்கிழமை எட்டு மணிக் கரடி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு கரடி பாறைக்கு அடியில் நசுங்கும். அப்பளம்போலத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பிறகு கட்டை விரலை வாயில் வைத்து ஊதிக்கொள்ளும். கை, கால், வயிறு என்று ஒவ்வொன்றாக உப்பி, பழையபடி எழுந்து வாத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். வாராவாரம் நசுங்கும், வாராவாரம் எழும். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்னைவிடச் சத்தமாகச் சிரித்த சித்தப்பாவுக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. ஓசூரில் ராயக்கோட்டை சாலைப் பக்கம், ஆறு வீடுகள் ஒட்டி நின்ற ஒரு லைன் வீட்டில் எங்களோடு இருந்தார். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினார். கான்ட்ராக்ட் ஆள், அடுத்த வருடம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். பொம்மைப் படம் இந்தியில் ஓடும். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. அதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? வசனத்தைத் தானே பேசிவிடுவார். வாத்து நம் ஊர்த் தமிழ் பேசும். கரடிக்கு வீட்டுக்கார அம்மாவின் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம். ஒருநாள் அந்த அம்மா ஜன்னல் வழியாக இதைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் மோட்டாரே போடவில்லை.

என் வயதுக்காரர்கள் அந்தக் காலத்துக் கார்ட்டூன்களை நினைத்து உருகி உருகி எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எனக்கும் அந்த ஏக்கம் இருக்கிறது. அதனால்தான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு நைட் ஷிஃப்ட். காலை ஏழு மணிக்கு முடியும். கம்பெனி வண்டி ஊரெல்லாம் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் தெருவுக்கு வரும்போது எட்டரை ஆகிவிடும், பாதிப் படம் போயிருக்கும். ஆனால் அன்றைய பீஸ்களை முன்னதாக அடித்து முடித்தவர்கள் ஆறரை மணி வண்டியிலேயே கிளம்பலாம். முடிப்பதற்கு அங்கே ஒரு வழி இருந்தது. பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் மேலேயிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆட்கள் இடது பட்டனில் ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகி, அது அழுந்தியபடியே இருக்கச் செய்துவிடுவார்கள். வலது கை பட்டனைத் தட்டும், இடது கை தகட்டை வைத்து எடுக்கும். வேலை இரண்டு பங்கு வேகமாக ஓடும். கட்டைகளை சூப்பர்வைசரே தன் மேஜை டிராயரில் வைத்திருந்தார். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் எல்லாம் டிராயருக்குள் போய்விடும்.

அதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், முந்தின வாரம் சித்தப்பா தாமதமாக வந்தார், கரடி நசுங்கியதை நான் தனியாகப் பார்த்தேன் என்பதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் டிபன் பையோடு கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கும் பாதியில வந்தா உங்கூடப் பேசவே மாட்டேன், போ."

"மொத வண்டியிலயே வந்துடறேன் பாப்பா," என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் எட்டு மணிக்குப் படம் ஆரம்பித்தது. சித்தப்பாவைக் காணோம். வரட்டும், இருக்கிறது அவருக்கு என்று கறுவிக்கொண்டே பார்த்தேன். அவரோடு வேலை செய்யும் ஒருவர் வாசலில் வந்து அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா சட்டையைப் போடாமலே ஓடினார், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கரடி பாறைக்கு அடியில் போனது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இடது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன, கட்டை விரல் மட்டும் மிச்சம். அவரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே யாரோ பட்டனிலிருந்து கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். அப்பா சும்மா விடுகிறவர் அல்ல. கட்டையைக் கொடுத்ததே சூப்பர்வைசர்தான் என்று மனு எழுதி, கூட வேலை செய்த இரண்டு பேரைச் சாட்சி சொல்லவும் சம்மதிக்க வைத்தார். ஆனால் அதற்குள் சித்தப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலை நேரத்தில் தூங்கிவிட்டேன், தவறு என்னுடையது என்று. அதோடு எல்லாம் முடிந்தது. நிரந்தர வேலையும் போனது, சூளகிரியில் பேசி வைத்திருந்த சம்பந்தமும் போனது. "பயந்தாங்கொள்ளிப் பயலே, ஒரு வார்த்தை உண்மையைச் சொல்ல உனக்கு வாய் இல்லையா?" என்று அப்பா கத்தினார். அதற்குப் பிறகு தம்பியோடு அவர் பேசவே இல்லை.

வெளியில் நானும் அப்பாவின் கட்சிதான், உள்ளுக்குள் மட்டும் சித்தப்பா எழுதிக் கொடுத்ததையே நம்பிக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. சித்தப்பா தூங்கியிருந்தால் எனக்குச் செய்த சத்தியத்துக்கும் அவர் விரலுக்கும் சம்பந்தம் இல்லை அல்லவா? ஆனாலும் உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது.

சித்தப்பா இப்போது பாகலூர் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகன் போனில் ஏதோ கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சனிக்கிழமையும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. காபியை நீட்டும்போது, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா, நீங்க அன்னைக்குத் தூங்கினீங்களா, இல்ல நான் சொன்னேன்னு அவசரப்பட்டீங்களா?"

அவர் காபியைக் கீழே வைத்தார்.

"தூங்கிட்டே பிரஸ் ஓட்ட முடியுமா பாப்பா? கம்பெனிக்காரங்க ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. நான் சனிக்கெழம உங்கூடப் பொம்மப் படம் பாக்க ஓடறது வேல செய்யற எடத்துல எல்லாத்துக்கும் தெரியும். கட்ட விசயத்த எடுத்தா, அண்ணன் பொண்ணு கூப்ட்டுச்சுன்னு அவசரப்பட்டு அவனே வச்சிக்கிட்டான்னு எழுதுவோம், அந்தப் புள்ளயையும் விசாரணைக்குக் கூட்டியாரச் சொல்லுவோம்னாங்க. நீ மூணாவது படிக்கற புள்ள. தூங்கிட்டேன்னே எழுதிக்குங்கன்னு நான்தான் சொன்னேன்."

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? அண்ணன் ஆயுசுக்கும் உன் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் என் கைதான் ஞாபகம் வரும். விடு."

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசி நாட்களில், தம்பியை வரச் சொல்லட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, அந்தக் கோழையின் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார். சித்தப்பா அப்போது ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றிருந்தார். உள்ளே வர வேண்டாம் என்று போய்ச் சொன்னவள் நான்.