கார்ட்டூனுக்கு அடியில் இருந்த கல்யாணம்

நான் இப்போது வேலை செய்வது கண்டிக்குப் பக்கத்தில் ஒரு மரக்காலையில். பகல் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் பலகை அடுக்குகளில் சாய்ந்துகொண்டு போனை எடுத்துவிடுவார்கள். அடிக்கடி யாருக்காவது பழைய சாமான்களின் படம் வந்திருக்கும். பொத்தானை அமுக்கினால் தண்ணீருக்குள் வளையங்கள் மிதந்து கம்பியில் விழும் சின்னப் பெட்டி. திரி ஏற்றி வைத்தால் பேசினுக்குள் டப டபவென்று ஓடும் தகரக் கப்பல். சுவிங்கத்தோடு வரும் ஒட்டுப் படம். அதை எச்சில் தொட்டுக் கையில் ஒட்டிக்கொண்டு, அழிந்துவிடும் என்று குளிக்காமல் திரிவோம்.

"அண்ணே, இது ஞாபகம் இருக்கா?" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். அங்கே வயதில் மூத்தவன் நான்தான்.

ஒருநாள் மூன்று நிறத் தாளின் படம் வந்தது. கறுப்பு வெள்ளை டிவியின் முன்னால் அதை மாட்டுவார்கள். மேலே நீலம், நடுவில் செம்மஞ்சள், கீழே பச்சை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலில் டிவி வாங்கியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். கார் பெட்டரியில் ஓடும் டிவி. அதற்கு முன்னால் இந்தத் தாள் இருந்தது. யார் வந்து நின்றாலும் தலை நீலம், வயிறு செம்மஞ்சள், கால் பச்சை. கலர் டிவி என்றால் இதுதான் என்று நம்பியிருந்தேன். பிறகு கண்டியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் உண்மையான கலர் டிவியைப் பார்த்தேன். செய்தி வாசித்த பெண்ணின் நெற்றி நெற்றி நிறத்திலேயே இருந்தது. டிவி பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். இதைச் சொன்னால் மரக்காலையில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் முகம்தான் ஞாபகத்தில் இல்லை.

எங்கள் தோட்டம் புசல்லாவைக்கு மேலே. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதின்மூன்று வயதில் பஸ் ஏறினேன். பேக்கரி, சாப்பாட்டுக் கடை, லொறி, வவுனியாவில் தோட்ட வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் ஒரு வருடம் இருந்தால் கால் அரிக்கும். இடையில் இரண்டொரு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறேன். அம்மா இறந்தபோது நான் இருந்த இடம் யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சேதி வந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது.

வீட்டில் அம்மாவின் படம் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்து ஆட்களில் பலருக்கு அந்தக் காலத்தில் அடையாள அட்டை கிடையாது. அம்மாவும் அட்டை இல்லாமலே வாழ்ந்து, அட்டை இல்லாமலே போய்விட்டாள். அட்டை இருந்திருந்தால் அதற்கென்று ஸ்டூடியோவில் ஒரு படமாவது எடுத்திருப்பாள். சவப்பெட்டியோடு படம் எடுக்கும் வழக்கம் உண்டு. அன்றைக்கு மழை, படக்காரர் மேலே ஏறி வரவில்லை என்று அக்கா சொன்னாள்.

ஆனால் அம்மா ஒரு தடவை வீடியோவில் வந்தாள். மாமா மகளின் கல்யாணத்தில். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கண்டியிலிருந்து வீடியோக்காரர் வந்து, மேடையேறி சந்தனம் பூசிய ஒவ்வொருவரையும் எடுத்தார். பிறகு டெக் வாடகைக்குக் கொண்டுவந்து மாமா வீட்டில் போட்டபோது, தங்களைத் தாங்களே பார்க்க, வரிசை வீடுகளான எங்கள் லயமே வந்து குந்தியது. "அந்தா பாருடா ஒங்கம்மா!" என்று யாரோ கத்தினார்கள். நான் பக்கத்துப் பையனோடு ஒட்டுப் படம் மாற்றிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்துவதற்குள் அம்மா மேடையை விட்டு இறங்கிவிட்டாள். சரி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று நிறத் தாளைப் பார்த்த அந்த வாரத்தில்தான் அந்தக் கல்யாண வீடியோக் கசட் என் மண்டைக்குள் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன்.

கல்யாணப் பெண்ணாக இருந்த மதினிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். புருஷன் காலமாகிவிட்டார். வாசலில் என்னைக் கண்டதும் அரிசி புடைப்பதை நிறுத்தினாள்.

"வாங்க மாப்பிள! வழி தெரிஞ்சிச்சா?"

"பஸ்காரருக்குத் தெரிஞ்சிச்சு மதினி."

கசட்டைப் பற்றிக் கேட்டதும் அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் வந்துவிட்டது. "நீ மட்டும் கொஞ்சம் முந்திப் பொறந்திருந்தா அதுல மாலையோட நீதான் நின்னுருப்ப."

"தப்பிச்சேன்."

"நான்ல தப்பிச்சேன். ஒரு எடத்துல கால் நிக்காத மனுசன்!"

கசட் சாமிப் படங்களின் வரிசையில் இருந்தது. மேலே சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து அடை அடையாய். டெக் என்றோ பழுதாகி, டிவியும் போய், புதுசு வந்தபிறகு இதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் சாமிகளுக்குப் பொட்டு வைக்கும்போது இதற்கும் வைத்துவிடுகிறாள்.

"பத்திரம். வெள்ளிக்கெழமைக்குள்ள கொண்டாந்துரு" என்று ஒரு துவாயில் சுற்றிக் கொடுத்தாள்.

கண்டியில் பழைய கசட்டுகளை போனுக்கு மாற்றித் தரும் கடை ஒன்று ஒரு மாடிப்படியின் மேலே இருக்கிறது. கடைக்காரர் ஒரு முஸ்லிம், என்னைவிடச் சற்று மூத்தவர்; அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டேன். கசட்டைக் கையில் எடுத்தவுடன் கேட்டார்.

"இதென்ன தம்பி, ஒங்கட கோயில்ல இருந்து வந்ததா?"

பொட்டுக் கதையைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே குங்குமத்தை மெதுவாகச் சுரண்டினார். நாடாவில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடித்திருந்தது. மழை ஊர்க் கசட் எல்லாம் இப்படித்தான் வரும் என்று பஞ்சால் துடைத்தார். பிறகு அதன் ஒரு மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவரின் முகம் மாறியது.

"தம்பி, இஞ்ச பாருங்க. இந்த மூலையில ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஈக்கும். அத ஒடச்சிட்டா மேல ஒண்டும் பதிய ஏலா. கல்யாணக் கசட்னா ஒடச்சித்தான் குடுப்பாங்க. இதுலயும் ஒடச்சி ஈக்கி. ஆனா பொறகு யாரோ அதுக்கு மேல டேப் ஒட்டி ஈக்காங்க."

"ஒட்டினா?"

"ஒட்டினா திரும்பவும் பதியலாம்."

டெக்குக்குள் தள்ளினார். படம் வந்தது. தொப்பி போட்ட கரடி ஒன்று மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சிங்களத்தில் கத்தியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மதினியின் புருஷன் கண்டியில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். எங்கள் பள்ளத்தில் டிவிப் படம் சரியாக விழாது, திரையில் எப்போதும் புள்ளி புள்ளியாய் மழை பெய்துகொண்டிருக்கும். அதனால் அந்த வீட்டுக்காரரின் டெக்கில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளைப் பதிந்துகொண்டு சனிக்கிழமைகளில் வருவார். பிறகு தானே ஒரு பழைய டெக் வாங்கினார். தன் பிள்ளைக்கு என்றுதான் பதிந்தார். ஆனால் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் போய்க் குந்துவோம். புதுக் கசட் வாங்குவது லேசில்லை. கையில் கிடைத்த ஒன்றின் மேல் பதிந்திருக்கிறார். நான் பஸ் ஏறுவதற்கு முந்திய மாதங்களில் இந்தக் கரடியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது எதன்மேல் ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

"அட, இந்தக் கரடியா!" நானா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இஸ்கூல் விட்டு ஓடி வந்து பாப்பம் தம்பி!"

கரடி வழுக்கி விழுந்தது. விழப்போகிறது என்று இரண்டு பேருக்கும் முன்னமே தெரியும், இருந்தும் சிரித்தோம். இடையில் பால்மா விளம்பரம் வந்தது. பிறகு சவர்க்காரம், பிஸ்கட். நானா பிஸ்கட் பாட்டைக் கூடவே பாடினார். இரண்டாவது அடி எனக்கும் வந்தது. நானும் பாடினேன். கீழே படியில் ஏறிவந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். பல வருடங்களாக நான் யாரோடும் சேர்ந்து பாடியதில்லை.

"உம்மா சோத்துக்குக் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டன்" என்றார் நானா. "செவியப் புடிச்சித்தான் இழுத்துட்டுப் போவா."

அப்போதுதான் வந்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது.

"நானா, இதுக்கு அடியில எங்கம்மா இருக்காங்க" என்றேன். "வேற படம் ஒண்ணும் இல்ல."

அவர் படத்தை நிறுத்தினார். "அடியில உள்ளது வராது தம்பி. அழிஞ்சா அழிஞ்சதுதான்." சற்று யோசித்தார். "ஆனா கடைசிவரைக்கும் பதிஞ்சி ஈக்க மாட்டாங்க. இது நிண்ட எடத்துக்குப் பொறகு பழசு ஈக்கலாம். ஓட்டட்டுமா?"

"ஓட்டுங்க."

கரடி பேய் பிடித்ததுபோல ஓடியது. விளம்பரங்கள் ஓடின. கையை ஆட்டி ஆட்டி ஒரு பொம்மை ஓடியது. எனக்குப் பிரியமானவை எல்லாம் ஓடின. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. கடைசியில் தமிழ்ச் செய்தி தொடங்கி, வாசிப்பவர் வாயைத் திறக்கும்போதே அறுந்தது. திரை முழுக்கக் கோடுகள். பிறகு சிவப்பு.

மதினியின் கல்யாணம். மேடை போய்விட்டது, தாலி போய்விட்டது, சந்தனம் பூசியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பந்தி. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் வரிசையாகப் பாய் போட்டு, இலை போட்டு, பெண்கள் சாப்பிடுகிறார்கள். வீடியோ லைட் முகத்தில் அடித்ததும் சிலர் கையால் மறைக்கிறார்கள், சிலர் முந்தானையை இழுக்கிறார்கள். மேலே ஒரு சினிமாப் பாட்டு.

நரைத்த பெண்கள் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தச் சொன்னேன். ஒருவரும் அம்மா இல்லை.

"அப்ப உம்மாக்கு என்ன வயசு?" என்று நானா கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். நான் தேடியது கடைசியாகப் பார்த்த கிழவியை. பந்தியில் இருந்தவள் இன்றைக்கு என்னைவிட எவ்வளவோ சின்னவள்.

திரும்பவும் முதலிலிருந்து போட்டோம். அந்த வயதில் பல பெண்கள். மூட்டை வியாபாரியிடம் ஒரே நாளில் வாங்கியதுபோல பாதிப் பேர் ஒரே ஊதாக் கரைச் சேலை. தலையைக் குனிந்து, யாரோடும் பேசாமல், சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துச் சாப்பிட்ட ஒருத்தியிடம் வந்ததும் நான் திரைக்குக் கிட்டே போனேன். அம்மா இப்படித்தான் சாப்பிடுவாள். "இவங்கதான்" என்றேன். நானா படத்தை நிறுத்தி, "மாஷா அல்லாஹ்" என்றார்.

பந்தி முழுவதையும் போனுக்கு மாற்றித் தந்தார். நாவலப்பிட்டியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பிவிட்டு, கடையிலிருந்தே அழைத்தேன்.

"உசுரோடதான் இருக்கியா?" என்றாள் அக்கா.

"வீடியோவப் பாத்தியா? தூணுக்குப் பக்கத்துல, குனிஞ்சு சாப்புடுறது அம்மாதான?"

அந்தப் பக்கம் வீடியோவின் பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு, "டேய், அது கங்காணி வீட்டு அத்த" என்றாள். "அம்மாவயே தெரியலயா ஒனக்கு?"

"தெரிஞ்சா ஒன்னய ஏன் கேக்குறேன்?"

"அதுக்கு அடுத்த வரிசையில பாரு. பச்ச ரவிக்க. பல்லு அத்தனையும் தெரியச் சிரிச்சிக்கிட்டு, பக்கத்துல உள்ளவ எலையில இருந்து அப்பளத்தத் தூக்குறாங்கல்ல? அதான்டா அம்மா."

அந்தப் பெண்ணை நான் இரண்டு தடவையும் தாண்டி வந்திருந்தேன்.

"அம்மா எங்கக்கா அப்படிச் சிரிச்சாங்க?"

"நீ பாத்தது அந்திக்கு வீட்டுக்கு வந்த அம்மாவ. கொழுந்து நிறுத்துப் போட்டு, வெறகு தூக்கி, தண்ணி தூக்கி வந்தவங்க சிரிப்பாங்களா? நான் மலையில கூட நின்னவ. அங்க அம்மா வாயத் தொறந்தா நெரயில நிக்கிற அத்தன பேரும் சிரிப்பாங்க. கையி கொழுந்துல இல்லாம எங்க இருக்குன்னு கங்காணி கத்துவாரு. அவரப் போலயே திருப்பிக் கத்திக் காட்டுவாங்க."

ஆம்பளைப் பிள்ளைகள் கொழுந்து மலைக்குப் போவதில்லை. லயத்தில் தகரக் கப்பலோடு அந்தி வரைக்கும் காத்திருப்போம்.

"எப்ப வர்ற?" என்று கேட்டாள்.

"வர்றேன்."

"வருவ, வருவ" என்று வைத்துவிட்டாள்.

நானாவிடம் சொன்னேன். அவர் படத்தைத் திருப்பிப் பச்சை ரவிக்கையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒங்கட கண்ணு அவங்கட கண்ணுதான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை கசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கல்யாணம் இருந்துச்சா?" என்று மதினி கேட்டாள். இருந்தது என்றேன். அது பொய் இல்லை. மறுநாள் அதற்குப் பொட்டு வைத்திருப்பாள்.

அதற்குப் பிறகு அந்தத் துண்டை அறையில் தனியாக இருந்து பார்த்திருக்கிறேன். அக்கா சொன்னதால் அது அம்மா என்று நம்புகிறேன், மற்றபடி யாரோ ஒரு பெண்தான். அப்பளத்தை எடுக்கிறாள். பக்கத்தில் இருப்பவள் அவள் கையில் அடிக்கிறாள். உடனே அம்மா அவள் காதுப் பக்கம் குனிந்து என்னவோ சொல்கிறாள். சொன்னதைக் கேட்டு அந்த வரிசையே குலுங்குகிறது. ஒருத்திக்குப் புரையேறுகிறது. ஆனால் வீடியோக்காரர் பந்தியின் சத்தம் முழுவதையும் நீக்கிவிட்டு மேலே பாட்டைப் போட்டுவிட்டார். அக்காவிடம் கேட்டேன். பக்கத்தில் இருந்தவளும் இப்போது இல்லை என்றாள்.

போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டு வாயை மட்டும் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை.