மல்சுன் அக்கா சொல்லாத ஆமென்

முள்ளங்கிக் குவியலுக்கு முன்னால் குந்தியபடி மல்சுன் அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள். "ஆண்டவரே, பெருசா, சின்னதா?" இரண்டு நொடி. பிறகு சின்னதை எடுத்துப் பையில் போடுகிறாள். "உன் ஆண்டவருக்குக் காய் பொறுக்கவே தெரியல" என்று கடைக்காரி சீண்டினாலும் மாற்ற மாட்டாள்.

"கேட்டாச்சுல்ல? செய்யறதா இல்லன்னா எதுக்குக் கேக்கணும்?"

ஐம்பத்தெட்டு வயது. தோங்யோங் துறைமுகத்தில், மீனை அரைத்து அவித்து விற்கும் ஆலையில் முள் எடுக்கிறாள். கணவர் அதே ஆலையின் லாரியை ஓட்டுகிறார். முதலாளி பியோ எங்கள் ஊர்த் தேவாலயத்தின் மூப்பரும்கூட. வாரம் ஆறு நாள் ஆலையிலும் ஞாயிறு ஆலயத்திலும் அவர் கேட்பது ஒன்றைத்தான்: கீழ்ப்படிதல். நான் பொட்டலம் கட்டும் அறையில் வேலை செய்கிறேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதற்கு நான் படித்த புத்தகங்கள் பாதிக் காரணம், பியோ மீதி.

சென்ற மாதம் அரைக்கும் இயந்திரத்தில் வியட்நாம் பெண் தூயெனின் மூன்று விரல்கள் போயின. வேலை வேகமாக நடக்கட்டும் என்று பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னவர் பியோ. அவளே கழற்றினாள் என்று அறிக்கை கொடுத்தவரும் அவரே. அந்த அறிக்கையே உண்மை என்று ஆகிவிட்டால் அவளுக்கு இழப்பீடு கிடையாது. வெறும் கையோடு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பியோ மூடியைக் கழற்றச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் அக்கா ஒருத்திதான்.

தொழிலாளர் துறை அதிகாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் அக்கா வீட்டில். ஜெபம் முடிந்து கிடைக்கும் கடற்பாசி சூப்புக்காக நானும் போவேன். நேரில் சொல்லக் கூசுவதை ஜெபத்தில் வைத்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். கேட்டவர் ஆமென் சொல்லிவிட்டால் ஒப்புக்கொண்டார் என்று பொருள்.

பியோ உருகி உருகி ஜெபித்தார். "ஆண்டவரே, திங்கக்கெழம எங்க சகோதரிகளோட நாவக் காத்தருளும். மேல இருக்கிறவங்களுக்குக் கீழ்ப்படியிற மனசக் குடும்!"

எல்லோரும் ஆமென் என்றார்கள். அக்கா சொல்லவில்லை. பியோ கடைசி வரியைத் திரும்பவும், இன்னும் உரக்கச் சொன்னார். கணவர் அவள் முழங்காலை இடித்தார். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மல்சுன், ஒடம்பு சரியில்லையா?" என்றார் பியோ.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, மூப்பரய்யா. நீங்க இப்ப பேசினது ஆண்டவர்கிட்ட இல்ல. என்கிட்ட."

அன்று சூப்பை யாரும் தொடவில்லை. எல்லோரும் போனதும் கணவர் வெடித்தார். "ரெண்டு பேர் வேலையும் போயிடும்டி! இந்த வயசுல எவன் நமக்கு வேல குடுப்பான்?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "ஆண்டவரே, வேற யாரும் கெடைக்கலயா ஒமக்கு? எனக்குச் சரியாப் பேசக்கூட வராதே."

"பதில் வந்துச்சா அக்கா?" என்று கேட்டேன். கேலிதான்.

"வந்துருச்சு தங்கச்சி. அதான் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

அதிகாரி வந்ததும் இயந்திரங்களை நிறுத்தினார்கள். எங்களைச் சுவரோரமாக வரிசையில் நிற்க வைத்தார்கள். ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி முகக்கவசம். கண்கள் மட்டுமே தெரிந்தன. லாரி நிற்கும் வாசலில் அக்காவின் கணவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மூடியக் கழட்டச் சொன்னது யாருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"இவங்க யாரும் எதையும் பாக்கல சார்" என்றார் பியோ.

அக்கா என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள், விட்டாள். பிறகு ஓரடி முன்னால் வந்து, முகக்கவசத்தைக் கழற்றினாள்.