மழை மாதத்தில் கத்திரி வெயில்

நாலு வருடத்துக்கு முந்தி, ஒரு ஐப்பசி மாதம், மதுரை விளாங்குடியில் ஒரு வீட்டின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று நடந்தது இது.

நான் கட்டட காண்ட்ராக்டர். உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம் எங்களுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினான்கு வயதில் சாந்துச் சட்டி தூக்க மதுரைக்கு வந்தவன், அன்றைக்கு நூற்றெண்பது வீடு கட்டி முடித்திருந்தேன். ஒன்றில்கூட விரிசல் கிடையாது. படித்த இன்ஜினியர்கள் பிளானை விரித்துக்கொண்டு என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே சுவர் எத்தனை நூல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

என்னைப் பற்றி வேறு சில சொற்களும் உண்டு. முன்கோபி, படபடப்புக்காரன், எரிந்து விழுகிறவன், சிடுமூஞ்சி. சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவன் சாந்தமாக இருந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு வரிசை செங்கல்கூட ஏறாது என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை ஏழு மணிக்குக் கலவை மெஷின் வந்துவிட்டது. ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சூடம் காட்டிவிட்டார். மத்தியானத்துக்கு எல்லோருக்கும் பிரியாணி சொல்லியாகிவிட்டது. கான்கிரீட் நாள் என்பது கல்யாண நாள் மாதிரி. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் என் மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். இருபது வருடமாக என்னோடு இருக்கிறவர். அதிகம் பேசமாட்டார்.

"அண்ணே, பின் ரூம்ல தரை இளகுனாப்ல இருக்கு. அங்கன பழைய குழி ஏதும் இருந்து மூடியிருப்பாக போல. நேத்து பேஞ்ச மழைக்கு ஊறிருச்சு. ஒருநாள் தள்ளிப் போட்டா தேவலை."

தளத்தைத் தாங்குகிற முட்டுக் கம்புகள் அந்தத் தரையில்தான் நின்றன. நான் போய்ப் பார்க்கவில்லை. காலடியில் இருந்த வாளியை உதைத்தேன். "இருபது வருசமா எங்கூட இருந்து கத்துக்கிட்டது இதுதானா? முட்டுக்கு அடியில பலகை போட்டிருக்கில்ல? பயந்தாங்கொள்ளியெல்லாம் எதுக்குய்யா கொத்து வேலைக்கு வர்றீங்க?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். மெஷின் ஓட ஆரம்பித்தது.

வழக்கம்போலப் பின்பக்கத்தில் இருந்து கான்கிரீட்டைக் கொட்டி வந்தோம். பதினோரு மணிக்குப் பின் ரூமுக்கு மேலே முழுவதும் நிரவியாகிவிட்டது. தளத்தின் மேல் எட்டுப் பேர் நின்றார்கள். நான் ஒன்பதாவது ஆள். மேஸ்திரியைக் காணவில்லை. கேட்டால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஏணியில் வரிசையாக நின்று சட்டி கைமாற்றுகிறவர்களில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர். ஐம்பது வயதிருக்கும். அவர் திடீரென்று சட்டியைப் பக்கத்தில் இருந்த சாரப் பலகையில் வைத்துவிட்டு நின்றார். வரிசை அப்படியே நின்றுபோயிற்று. நான் பாய்ந்து போனேன். என் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"வையிறதா இருந்தா அப்புறமா வைங்கண்ணே. மேஸ்திரி உள்ள இருக்காரு. முட்டு எறங்குது. ஒத்த ஆளா முட்டுக் குடுத்துக்கிட்டிருக்காரு."

திரும்பிப் பார்த்தேன். ஓரத்துப் பலகை மூன்று விரல்கடை கீழே போயிருந்தது. அவ்வளவு நேரம் அதன் பக்கத்தில் நின்றுதான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நான் கத்தினால் எட்டுப் பேரும் ஓடுவார்கள். ஓடுகிற அதிர்விலேயே தளம் இறங்கிவிடும். கீழே அந்த மனிதர் இருக்கிறார். வாயை மூடி, ஒரு மூச்சு விட்டு, மெதுவாக, "வைப்ரேட்டர நிறுத்துங்கப்பா" என்றேன். கலவைக்குள் விட்டு அதிர வைக்கிற மெஷின் அது. யாரும் நிறுத்தவில்லை.

"என்னண்ணே சொல்றீக? காதுல விழுகல" என்றான் ஒரு கொத்தன். என் குரல் அந்த அளவில் அவர்களுக்குப் பழக்கம் இல்லை.

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொருவராக முன்பக்கம் நடந்து இறங்கச் சொன்னேன். கடைசியாக நான் இறங்கி, பின் ரூம் வாசலுக்குப் போனேன்.

உள்ளே மேஸ்திரி ஒரு சவுக்குக் கம்பைத் தோளால் முட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் உடைகல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். மேலே பலகை இடுக்கில் இருந்து சிமெண்ட் பால் ஒழுகித் தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"வெளிய வாப்பா."

"இந்த ஒண்ண மட்டும் இறுக்கிட்டு வாரேண்ணே. வையாதீக."

"வையல. வா."

அவர் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவர் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினேன். அதன் பிறகுதான் கம்பை விட்டுவிட்டு வந்தார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பின் ரூம் தளம் இறங்கியது. பெரிய சத்தம் எல்லாம் இல்லை. ஈர மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் நின்ற இடத்தில் கம்பியும் பலகையும் கலவையும் இடுப்பளவு கிடந்தன.

சொன்ன நேரத்துக்குப் பிரியாணி வந்துவிட்டது. இடிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் மேஸ்திரி பக்கத்தில் போய் உட்கார்ந்து, மேலே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

அவர் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலையில சொன்னேன்லண்ணே. ரெண்டாவது தடவை உங்ககிட்ட வந்து நிக்கிறதுக்கு, அதுக்குள்ள போயி முட்டுக் குடுக்கறது லேசா இருந்துச்சு."

சட்டியை வைத்த அந்த அம்மா பக்கத்தில் இருந்தார். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல. தினமும் காலையில் முதலில் வருகிற ஆள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போனில் ஒரு சொல் அனுப்புவாராம். சும்மா முணுமுணுக்கிற நாள் 'புழுக்கம்'. கத்துகிற நாள் 'வெயில்'. எதையாவது தூக்கி எறிகிற நாள் 'கத்திரி'. அன்றைக்கு வாளி உருண்டதும் 'கத்திரி' என்று போய்விட்டதாம். "அந்தச் சொல்லு வந்துட்டா உங்க பக்கம் எவனும் எட்டிப் பாக்க மாட்டான்ணே. வீடு எரிஞ்சாலும் சொல்ல மாட்டாக" என்றார். அந்தப் பக்கம் இருந்த கொத்தன் சிரிப்பை அடக்கச் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

என் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருடமாக மழையிலும் பனியிலும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அந்தக் குழியை முழுவதும் தோண்டி, கல் போட்டு இறுக்கி, பத்து நாள் கழித்துத் திரும்பத் தளம் போட்டோம். இப்போதும் அந்த வீடு அசையாமல் நிற்கிறது. என் கை வேலை அப்படி. மேஸ்திரியும் என்னோடுதான் இருக்கிறார். எனக்குக் கோபமே போய்விட்டது என்று எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். வருகிறது. ஆனால் ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தால், கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். உட்கார்ந்தபடி கத்த எனக்கு வருவதில்லை.

சுவர் சாய்ந்ததைப் பார்க்கக் கண் இருந்தால் போதும் என்று ஐம்பது வருடம் தொழில் செய்தேன். "தப்பாயிருச்சுண்ணே" என்று பயமில்லாமல் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால்தான் நான் கட்டுவது நிற்கும் என்று இப்போது நினைக்கிறேன்.