சீசாக்காரி

வெள்ளைக்காரன் காலத்தில் அவனியாபுரம் பக்கம் நெல் அவிக்கும் களத்தில் என்னோடு வேலை செய்தவள் அவள். ஒட்டிய கன்னம், நெற்றியெல்லாம் விழுந்து விழுந்து பட்ட தழும்பு. சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு. எண்ணவும் வராது, நேற்று எது இன்று எது என்று மனதில் நிற்கவும் செய்யாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துச் சீசாவை எப்போதும் மடியில் வைத்திருப்பாள். நாளுக்கு ஒரு கோடு மருந்து என்று அளவுக் கோடு போட்ட காகிதம் அதில் ஒட்டியிருக்கும்.

தினமும் காலையில் சீசாவை என்னிடம் நீட்டுவாள். "இன்னைக்கிக் குடிச்சிட்டேனாக்கா?"

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனாலும் மருந்து எத்தனை கோடு இறங்கியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நேத்தே இன்னைக்கும் சேத்துக் குடிச்சிட்டியேடி" என்றேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு, சீசாவை மடியில் செருகிக்கொண்டு போனாள். கூப்பிட்டு உண்மையைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் நெல் வண்டி வந்துவிட்டது, மறந்தே போனேன்.

உச்சிப்பொழுதில் நெல் அவிக்கும் அடுப்போரம் வலிப்பு வந்து விழுந்தாள். இடது கை வெந்துபோனது.

பத்து நாள் கழித்துக் கட்டுப் போட்ட கையோடு வந்தாள். "அன்னைக்கி நான் சொன்னது பொய்யிடி" என்றேன்.

"நீங்க சொன்னது சரியாத்தான்க்கா இருக்கும். நாந்தான் தப்பா விழுந்துட்டேன்."

எவர் என்ன சொன்னாலும் பதிலுக்குப் பதில் கொடுப்பவள் என்று ஊரில் எனக்குப் பெயர். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. அவளுக்குச் சொல்ல ஒரு பதில் எனக்கு இன்னும் வரவில்லை.