தறிச் சத்தத்துக்கு நடுவே காலை நிகழ்ச்சி நடத்திய தாமு அண்ணன்

தாமு அண்ணன் இறந்துவிட்டார். எல்லாக் காரியமும் முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் மாலை போட்ட போட்டோ வருகிறது... எரிச்சலாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோதும் இந்த மனுஷர் எந்தச் சேதியையும் நேரத்துக்குச் சொன்னதில்லை.

தெரியாதவர்களுக்காக: திருத்தணியில் எங்கள் தெருமுனையில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தவர். எண்பதுகளின் கடைசியில் கடையிலிருந்து வீடு வீடாக ஒயர் இழுத்து, ராத்திரியில் படம் போடுவார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. கல்யாணங்களுக்கு எடுத்துப்போகும் கேமராவை ஸ்டூல் மேல் வைத்து, தினமும் காலை டிபன் நேரத்தில் தானே ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நேரலையாம்.

யாரும் கண்டுகொள்ளவில்லை.

உடனே "புச்சா மாத்திக் காட்றேன்" என்று ஆரம்பித்தார். முதலில் ராசிபலன். பிறகு மொட்டை மாடியில் ஏறி வானிலை. "மல நல்லா தெரியுதுங்க. இன்னிக்கி வெயில் அடிக்கும்ங்க." சித்திரை மாதத்துத் திருத்தணியில் இதைச் சொல்ல ஓர் ஆள்!

அதுவும் எடுபடாமல், கேமரா முன்னால் தோசை சுட்டார். தோசை கல்லை விட்டு வரவில்லை. நிகழ்ச்சி முடியும்வரை சுரண்டிக்கொண்டே இருந்தார்.

நான் அப்போது பத்தாவது. ஸ்கூலுக்குப் போகும் வழியில் ஒருநாள் என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க ஊட்ல யாருனா பாக்கறீங்களா?"

"பாக்கறோம்ண்ணா. ஒண்ணும் கேக்க மாட்டுது."

"சவுண்டு வெச்சிப் பாரேன்."

"தறி ஓடிக்கினு இருக்குதுண்ணா. உங்க தெருதானே இது? எல்லா ஊட்லயும் ஓடுது."

அந்தத் தெரு முழுக்கப் பவர்லூம். காலையில் கரண்ட் இருக்கும்போது யாரும் தறியை நிறுத்தமாட்டார்கள். பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது. அங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷருக்கு இது தோன்றவே இல்லை...

"அப்ப எழுதிக் காட்டிடலாம். நீயே எழுதிக் குடும்மா. எங்கையெழுத்து எனக்கே புரியாது."

எனக்குப் பயம். காரணம் நைனா, என் அப்பா. "அந்த வீடியோக் கடப் பக்கம் உன்னப் பாத்தன்னா, அன்னியோட ஸ்கூல் கட். தறில வந்து நில்லு" என்று முன்பே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். அக்காவை ஏழாவதோடு நிறுத்தியவர்.

ஆனாலும் எழுதினேன். ஊரே என் எழுத்தைப் படிக்கப்போகிறது என்ற ஆசை.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும் வழியில் அண்ணன் சேதி சொல்வார். எல்லோரும் தூங்கிய பிறகு, சமையல்கட்டில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தாக எழுதுவேன். நைனா இருமினால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பேன். விடிந்ததும் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் அவர் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

"இன்று குழாயில் தண்ணீர் வராது." "காவடிக் கூட்டம் வருகிறது, பஜார் பக்கம் சைக்கிள் வேண்டாம்." "கறுப்பு ஆடு ஒன்றைக் காணவில்லை, காது அறுந்திருக்கும்."

ஊருக்குப் பிடித்துப்போனது. தறியில் நின்றபடியே எல்லோரும் படித்தார்கள்.

அப்போதுதான் ஒரு தாளுக்கு, அழகாக இருக்கட்டுமே என்று சுற்றிலும் பார்டர் போட்டேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போட்டது எங்கள் தறியில் ஓடுகிற லுங்கிக் கட்டம்... நைனா தானே யோசித்து உண்டாக்கிய கட்டம். ஊரில் வேறு எந்தத் தறியிலும் கிடையாது.

மறுநாள் காலை அது டிவியில் வந்தது. நைனா தறியை நிறுத்தினார். டிவியைப் பார்த்தார். தறியில் இருந்த துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நைனா டிவிக்குள் வந்தார்.

வாய் அசைகிறது, கை ஓங்குகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வீட்டில் தறி நின்றது. எதிர்வீட்டில் நின்றது. சண்டை கேட்பதற்காகத் தெருவே தறியை நிறுத்தியது.

"எந்தறிக் கட்டம் உங்கிட்ட எப்பிட்றா வந்திச்சி? எம்பொண்ணு இங்க வந்தாளா? வந்திருந்தா இன்னியோட அவ ஸ்கூல் கட்!"

"அவ ஏன் வரப்போறா மாமா? நாந்தான் போட்டேன்."

"நீயா? ஒரு தோச எடுக்க வக்கில்ல உனுக்கு. எங்க, இப்ப போடு பாக்கலாம்!"

அண்ணன் பேனாவை எடுத்து, ஊர் பார்க்க இரண்டு கோடு போட்டார். இரண்டும் இரண்டு பக்கம் போயின. பேனாவை வைத்துவிட்டுக் கேமராவைக் காட்டினார்.

"மாமா, ஊரே பாத்துக்கினு கீது. அந்தப் பொண்ணப் படிக்க வுடுவியா மாட்டியா, அத்த மட்டும் சொல்லிட்டுப் போ."

நைனாவுக்கு அப்போதுதான் கேமரா கண்ணில் பட்டது. துண்டைச் சரிசெய்துகொண்டார். கைகூப்பி "வணக்கம்ங்க" என்றார்.

"படிக்கட்டும்ங்க... பத்தாவது இன்னா, அதுக்கு மேலயும் படிக்கட்டும். நான் எப்ப வேணான்னு சொன்னேன்?"

வீட்டில் டிவி முன்னால் அம்மா பிடித்த என் கையை விடவே இல்லை.

நைனா திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமலே தறி ஸ்விட்சைப் போட்டார். "ஸ்கூலுக்கு டைம் ஆவல?"

சாயங்காலம் அண்ணன் வழியில் நின்றிருந்தார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால்... "உங்க நைனா நாளைக்கும் வருவாரா, கேட்டுச் சொல்லேன்? இன்னிக்கிதாம்மா ஷோ பிக்கப் ஆச்சு!"

இவரை என்ன செய்வது!

நிகழ்ச்சி அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. நைனா ஊர் முன்னால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. நான் காலேஜ் வரைக்கும் போனேன்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்ப்பேன். "உங்க நைனா எப்பிடி கீறாரு?" என்பார். நைனா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் சொல்வேன். அடுத்த முறையும் அதையே கேட்பார்.

இனி நீங்களே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், அண்ணா.